போர்வைக்கு மேலே பெட்டர்

என் வீட்டுக்காரர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுச் சுவர் அரை அங்குலம் நம் பக்கம் வந்துவிட்டதென்று மூன்று வருஷம் மல்லுக்கு நின்ற மனுஷர். அப்பேர்ப்பட்டவர் வெள்ளைக் கோட்டைக் கண்டால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார் என்பது முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியாது.

சர்க்கரை வியாதிக்காரர். செருப்பு கடித்து இடது கால் சுண்டுவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. கவனிக்காவிட்டால் விரல் போய்விடும் என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வெளியூரில் இருக்கும் மகள் உடனே வருகிறேன் என்றாள். புது வேலையில் லீவுக்குப் பல்லிளிக்க வேண்டாமென்று நான்தான் தடுத்தேன்.

அந்த வார்டில் ஒரு வழக்கம். பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் நாலு சின்ன டாக்டர்களோடு ஊர்வலம் வருவார். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நர்ஸ் எங்களை வெளியே துரத்திவிட்டு, எல்லார் காலையும் போர்வையால் மூடி, மடிப்புக் கலையாமல் நீவிவிடுவாள். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று "பெட்டரா?" என்பார். நோயாளி "பெட்டர் சார்" என்பார். ஒரு சின்ன டாக்டர் அதையே கேஸ் ஷீட்டில் எழுதுவார். கட்டிலுக்கு அரை நிமிஷம். இல்லை என்று எவராவது சொல்லித் தொலைத்தால் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டுமே! அப்படிச் சொல்பவர்களுக்கு அங்கே 'தகராறு பார்ட்டி' என்று பெயர்.

மூன்றாம் நாள் கட்டிலருகே நாற்றம் வந்தது. நர்ஸிடம் சொன்னேன். பெட்டர் என்று டாக்டரே எழுதியிருக்கிறார், உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். டாக்டர் இவரைக் கேட்டு எழுதுகிறார். நர்ஸ் அதைப் படித்து இவரிடம் சொல்கிறாள். இவர் அதை நம்பி மறுநாள் டாக்டரிடம் ஒப்பிக்கிறார். இவ்வளவு படித்தவர்கள் கூடி இப்படி ஒரு செக்குமாட்டு வேலை.

"வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"பெரிய மனுஷன் நின்னு கேக்கறார். மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்லவா?"

அரை அங்குலத்துக்கு மூன்று வருஷம் சண்டை போட்ட வாய் அது.

ஐந்தாம் நாள் நான் வெளியே போகவில்லை. நர்ஸ் கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. டாக்டர் "பெட்டரா?" என்று கேட்டு முடிப்பதற்குள் போர்வையை உருவி, கட்டையும் பிரித்தேன். சுண்டுவிரலும் அடுத்த விரலும் கரிக்கட்டையாக இருந்தன. டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு சின்ன டாக்டரை முறைத்தார். அவர் நர்ஸை முறைத்தார். நர்ஸ் என்னை முறைத்தாள். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, என் வீட்டுக்காரர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். கூப்பிய கையை நான் தட்டிவிட்டேன்.

அன்றே இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் பதினோரு மணிக்கு அதே ஊர்வலம், அதே கேள்வி. "பெட்டர் சார்," என்றார் இவர்.

விரல் போன சேதி கேட்டு மத்தியானம் மகள் பையும் கையுமாக வந்து நின்றாள். அப்பா காலைப் பார்த்து அழுதாள். டாக்டர், நர்ஸ், அவளைப் பெற்ற மகராசன் என்று ஒருவர் விடாமல் வறுத்தெடுத்தேன். வெட்கங்கெட்ட ஜென்மங்கள், கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வாய் வராதவர்கள் என்றேன். அவள் எல்லாம் கேட்டுவிட்டு, போனைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். ஐந்து நாளும் காலையில் 'அப்பா எப்படி இருக்கார்?' என்று கேட்டிருந்தாள். ஐந்து நாளும் நான் ஒரே வார்த்தைதான் அனுப்பியிருந்தேன்.

"நான் உன்னைத்தானேம்மா கேட்டேன்?"

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.