பம்ப் ஹவுஸ் கொசுக்கள்

அந்தக் குடும்பத்தில் இரண்டு டாக்டர்கள். இருவராலும் ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதித் தர முடியாது. ஒருத்தி மலேரியா தடுப்பு நிலையத்தில் கொசு வளர்த்து ஆராய்கிறவள். இன்னொருத்தி, அவள் கணவனின் தங்கை, மீனை அறுத்து அதன் கொழுப்பில் என்ன விஷம் தங்கியிருக்கிறது என்று பார்க்கிறவள். கொசு டாக்டர், மீன் டாக்டர் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

வீட்டுச் சுவர்களில் அடிக்கும் கொசு மருந்தைத் தடை செய்வதா வேண்டாமா என்று நகரசபை கூடி முடிவெடுக்கப்போவதாகச் செய்தி வந்ததிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். மீன் டாக்டரின் மகள் சதுப்பை ஒட்டிய பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தாள், குடியிருப்பும் அங்கேயே, வயிற்றில் பிள்ளை. இந்த நேரத்தில் மலேரியா வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று கொசு டாக்டர் பயந்தாள். மருந்து மீனில் ஏறித் தாய்ப்பாலில் இறங்கும் என்று பெற்றவள் பயந்தாள். இருவர் சண்டையும் ஒரே பெண்ணுக்காகத்தான்.

"உங்க கொசுங்க கூண்டுலயே பொறந்து, சர்க்கரைத் தண்ணி குடிச்சு வளர்ந்த செல்லப் பிள்ளைங்க, அண்ணி. மருந்து டப்பாவைக் காட்டினாலே செத்துடும். என் பொண்ணு வீட்டுக் கொசுவைப் பிடிச்சுப் பாருங்களேன்."

கொசு டாக்டருக்குச் சுருக்கென்றது. வெளியே பிடிப்பது பெரும்பாடு என்று நிலையத்தில் எப்போதும் கூண்டுக் கொசுக்களை வைத்தே சோதித்துவந்தார்கள். "பார்க்கிறேன். நீயும் கூட வா. அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது."

விடிந்தும் விடியாத வேளையில் மூன்று பெண்களும் அந்தச் சின்னப் படுக்கையறையில் நின்றார்கள். மகள் டார்ச் அடித்தாள். கொசு டாக்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையிலிருந்த கண்ணாடிக் குழலைச் சுவரோரம் நீட்டி, நடுவில் வைத்த வலைத் துணி வாய்க்குள் வராமல் தடுக்க, ஒவ்வொரு கொசுவாக உறிஞ்சினாள்.

"அத்தை, பீரோ பின்னாடி ஒண்ணு! வாலைத் தூக்கிட்டு உக்காந்திருக்கு!"

"அதான் நம்ம ஆளு, மலேரியாக் கொசு. அசையாதே."

"அண்ணி, முழுங்கிடாதீங்க. சாட்சி போயிடும்."

சிரிப்பை அடக்கியதில் ஒரு கொசு தப்பியது. கொசுவலை பரண்மேல் மடித்துக் கிடந்ததைக் கொசு டாக்டர் அப்போதுதான் கவனித்தாள்.

"புழுக்கம், அத்தை. அதான் நீங்க மருந்து அடிச்சாச்சுல்ல?" என்றாள் மகள். கொசு டாக்டருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

மருந்தடித்த சுவரில் இரண்டு புனல்களைக் கவிழ்த்து ஒட்டி, ஒன்றில் பிடித்த கொசுக்களையும் மற்றதில் நிலையத்திலிருந்து கொண்டுவந்தவற்றையும் ஊதி விட்டார்கள். வெளியே பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் கழித்து, வலைத் துணி மூடிய காகிதக் கோப்பைகளுக்கு மாற்றும்போதே கொசுக்கள் தள்ளாடின. கொஞ்ச நேரத்தில் இரண்டு கோப்பையிலும் எல்லாம் மல்லாந்து கிடந்தன.

கொசு டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் வரை பொறுத்துத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள், வழியிலேயே நகரசபைத் தலைவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "எல்லாம் விழுந்துடுச்சு சார்!"

மீன் டாக்டர் வீடு வரைக்கும் கார் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் கோப்பைகள் இருந்த பெட்டியைத் தன் துப்பட்டாவால் இறுக்கி முடிச்சுப் போட்டு அண்ணனிடம் கொடுத்தாள். "நாளைக்குச் சபையிலதான் திறக்கணும். நீதான் காவல்."

"நான் யார் பக்கமும் இல்லம்மா. எனக்குச் சாப்பாடு கிடைச்சாச் சரி."

மறுநாள் சபையில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் "விஷம்!" என்றார்கள், மறுபக்கம் "காய்ச்சல்!" என்றார்கள். தலைவர் மேசையைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனார். கொசு டாக்டர் மைக் முன் நிமிர்ந்து நின்றாள். மீன் டாக்டர் முடிச்சை அவிழ்த்தாள்.

கூண்டுக் கொசுக்கள் செத்துத்தான் கிடந்தன. கொசு டாக்டர் அடுத்த கோப்பையைச் சபைக்குக் காட்ட உயர்த்தினாள்.

ஒலிபெருக்கியில் "ஙொய்ய்" என்றது.

கூட்டம் கப்சிப். அந்த ஒற்றை ரீங்காரம் கூரைவரை போய்த் திரும்பியது. கோப்பையின் வலைத் துணியில், பம்ப் ஹவுஸ் கொசுக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"விழுந்துடுச்சுன்னு சொன்னீங்களே?" என்றார் தலைவர்.

"விழுந்துச்சு. எழுந்துக்கிச்சு." அவள் கோப்பையை மெல்ல மேசைமேல் இறக்கினாள். "இந்த மருந்துக்கு இதுங்க பழகிடுச்சு சார்."

"அப்போ தடை பண்ணலாமா, கூடாதா?"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை, வெளிறிப்போயிருந்தது. இத்தனை நாள் தடை கேட்டுக் கத்தியவளும் அந்தச் சுவரை ரகசியமாக நம்பித்தான் இருந்திருக்கிறாள்.

"வலை," என்றாள் மீன் டாக்டர். "பரண்மேல கிடக்கு, அண்ணி."

இருவரும் ஓடினார்கள்.

"அம்மா! இந்தக் கோப்பையை எடுத்துட்டுப் போங்கம்மா!" என்று தலைவர் பின்னால் அலறினார்.

கார் பறந்தது. மகளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. கொசு டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நேற்றுப் பெருமைப்பட்ட அந்த ஒரு நொடியையே திரும்பத் திரும்ப நினைத்தாள்.

பம்ப் ஹவுஸ் வாசலில் மகள் கிரீஸ் படிந்த கையோடு நின்றாள். "பம்ப் சத்தத்துல கேக்கல. என்ன ஆச்சு?"

பெற்றவள் நெற்றியைத் தொட்டாள், அத்தை விரலைக் குத்திச் சோதனைப் பட்டையில் ரத்தம் எடுத்தாள். பட்டை முடிவு காட்டும்வரை மூவரும் அதன்மேல் குனிந்திருந்தார்கள். ஒரே கோடு. மலேரியா இல்லை.

"கண்ணு, நான் சொன்னது தப்பு. சுவரை நம்பாதே," என்றாள் கொசு டாக்டர். பரணிலிருந்து வலை இறங்கியது. ஆளுக்கொரு மூலையில் ஏறி நின்று கட்டினார்கள்.

"அண்ணி, உங்க பக்கம் தொங்குது."

"உன் முடிச்சுதான் லூசு."

வலைக்குள் உட்கார்ந்து மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மருந்தடித்த வெள்ளைச் சுவரில் ஒரு கொசு வந்து சாவகாசமாக உட்கார்ந்தது. மீன் டாக்டர் மெல்லக் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"அண்ணி, இதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. பலமா அடி."