நின்றுபோன மின்விசிறியின் கீழே

1.
இந்தக் கதை எனக்குத் தோன்றியதற்கு வெயில்தான் காரணம், மற்றபடி ஞானம் ஒன்றுமில்லை. மெதுவாக வளரும் கோழி இனங்கள் வெக்கையை எப்படித் தாங்குகின்றன என்று ஒரு கட்டுரை படித்தேன். எழுதுகிற வேகத்தில் நானும் அந்த இனம்தான். அதனால் விடாமல் ஒட்டிக்கொண்டது.

முதல் தொடக்கம்: ‘கோழிப்பண்ணையின் மேல் அன்று சூரியன்...’ வேண்டாம். சூரியனை வைத்துத் தொடங்கி எத்தனையோ கதையைக் கெடுத்தாயிற்று.

2.
ஆய்வு செய்கிற பெண் ஒருத்தி. அக்கா புருஷனின் பண்ணையில் ஒரே இனக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து வளர்க்கிறாள். பாதி, மின்விசிறி ஓடும் கொட்டகைக்குள். பாதி, வெளியே மரத்தடியில். எந்தப் பாதி வெக்கையைத் தாங்கும் என்பதுதான் ஆய்வு. இரண்டும் கலந்தால் பாழ். அவள் படிப்புக்கு இதுவே கடைசி வாய்ப்பு. (இதை நான்தான் சேர்த்தேன். பாவம், அவள் கேட்கவில்லை.)

3.
உச்சி வெயிலில் கரண்ட் போயிற்று. (ஜெனரேட்டர் இல்லையா என்பீர்கள். இருந்தது. பழுதாக்கிவிட்டேன்.) வெளிக்கோழிகள் நிழலில் மண்ணைக் கிளறி, குழியில் வயிறு படியக் கிடந்தன. உள்ளே இருந்தவை வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து மூச்சிரைத்தன. அவள் கொட்டகைக் கதவுக்கு ஓடினாள்.

“கதவத் தொறந்துடவா அத்தான்?”

“தொறந்தா உன் படிப்பு என்னாகும்மா?”

“செத்த கோழிய வச்சு என்னத்த எழுதுறது? போகட்டும்.”

திறந்தாள். அழுகை வந்தது. ஆனால் ஒரு கோழிகூட வெளியே வரவில்லை. எல்லாம் நின்றுபோன மின்விசிறிக்கு அடியில் போய் நெருக்கியடித்து நின்றன. குஞ்சாக இருந்த நாளிலிருந்து காற்று அங்கிருந்துதானே வந்தது!

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக நானும்தான்.

4.
முடிவு ஒன்று: இருவரும் தூக்கிப்போய் மரத்தடியில் விட, எல்லாம் பிழைத்து... இல்லை. விட்ட கோழி திரும்பிக் கொட்டகைக்கே ஓடுகிறது.

“கதவச் சாத்தும்மா!”

“சாத்தினா உள்ள இருக்கறதெல்லாம் வெந்துடும் அத்தான்!”

முடிவு இரண்டு: சாயங்காலம் கொட்டகைக்குள்... எழுதக் கை வரவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள், திரும்பி ஓடிவருவதை மறிக்க ஆளில்லை. மூன்றாவது ஆளை வைக்க எனக்குத் தோன்றாமல் போயிற்று. நானே போகலாம், எழுதுவதை நிறுத்தினால் அவர்கள் கை அப்படியே நின்றுவிடும். நீங்கள் சும்மாதானே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? எழுந்து வந்து அந்த வாசலில் கொஞ்சம் நில்லுங்கள்.