வாசலுக்கு வந்த ஆதரவு

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மாணவர் மற்றும் குடும்ப ஆதரவுப் பிரிவு தொடங்கியபோது, இயக்குநர் முதலில் வாங்கியது ஒரு வேன். ஆதரவு கொடுக்கிற ஆட்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். வேனின் இரண்டு பக்கமும், தெருமுனையில் நின்றாலும் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு, 'பிரச்சினைக்குள்ளான குடும்பங்களே, நாங்கள் இருக்கிறோம்' என்று எழுதச் சொன்னார். பின்கதவில் அவருடைய படம். இரண்டு கையையும் விரித்து, மழையில் நனைந்தவர்களையெல்லாம் அணைத்துக்கொள்ளப் போகிறவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். மழை பெய்தால் அவரும் சேர்ந்து நனைந்தார்.

வீடுகளுக்குப் போகிறவர்கள் இந்த வேனில்தான் போக வேண்டும், மக்கள் நம் பணியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. மக்கள் பார்த்தார்கள். வேன் தெருவுக்குள் நுழைந்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன, ஜன்னல்கள் திறந்துகொண்டன.

இதையெல்லாம் தாண்டி வேலை பார்க்க வேண்டியவள் குடும்பத் தொடர்பாளர். அலுவலகத்தில் யாரும் அந்தப் பதவிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் உள்ளே போனால் கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள் என்பதால், அவளுக்கு 'சமாதானம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பேரில் உள்ளூரப் பெருமைதான்.

அந்த வாரம் அவள் கைக்கு வந்தது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் விவகாரம். 'திமிர். கூப்பிட்டால் திரும்புவதில்லை. பலகையில் எழுதிப் போட்டால் செய்கிறாள், வாயால் சொன்னால் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள்' என்பது ஆசிரியையின் புகார். சமாதானம் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சிறுமிக்குப் பின்னால் தன் சாவிக்கொத்தைத் தரையில் போட்டாள். வகுப்பே திரும்பியது. அந்தப் பெண் மட்டும் தான் வரைந்த பூனைக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு திமிர் பிடித்தவளும் சாவிக்கொத்து விழுந்தால் யாருடையது என்று பார்ப்பாள். இது திமிரில்லை, காது.

காது பரிசோதிக்கும் நிபுணர் வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வருகிறார். அதை விட்டால் அடுத்த பள்ளி ஆண்டுதான். பெற்றவர்களில் ஒருவர் உடன் வந்தாக வேண்டும். அப்பா லாரி ஓட்டுகிறவர், வெளியூரில் இருந்தார். அம்மா தையல்காரி, வீட்டு முன்னறைதான் கடை. ஆகவே புதன்கிழமை, சுற்றறிக்கைப்படி, வேன் போய் அந்த வாசலில் நின்றது. தோளுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த வாடிக்கைக்காரி, சமாதானம் இறங்குவதற்குள், "அப்புறமா வரேன்" என்று நழுவினாள். தையல்காரி கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை சமாதானம் வேனைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து போனாள். தையல்காரி மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் சரக்கு ஏத்திக்கிட்டுப் போயிருக்கார். ஆனா தெருக் கணக்குல நேத்து சாயங்காலத்துலேருந்து ஜெயில்ல இருக்கார். யாரு பிடிச்சுப் போட்டது தெரியுமா? உங்க வேன்."

"யாரு அப்படிச் சொன்னது?"

"எதிர் வீட்டுப் பழைய தலைமையாசிரியர் ஆரம்பிச்சு வச்சார். மிச்சத்தைத் தெரு பாத்துக்கிச்சு. குடுத்த துணியைத் தைக்காமலே திரும்ப வாங்கிட்டுப் போறாங்க மேடம்."

"தப்பு எங்க பேர்லதான். அதைச் சரி பண்ணிடறேன். ஆனா பொண்ணு காதை நாளைக்குக் காட்டியே ஆகணும்மா."

"அவ காதுக்கு ஒண்ணும் இல்ல. விளையாட்டு ஜாஸ்தி, அவ்வளவுதான். இந்தத் தெருவுல எல்லார் காதும் ரொம்ப நல்லா இருக்கு, நேத்துதான் பாத்தேனே." தையல்காரி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "ஒண்ணு பண்ணுங்க. என் வாசல்ல நின்ன வண்டி எல்லார் வாசல்லயும் நிக்கட்டும். அப்புறம் நான் வரேன்."

ஆளைக் கிளப்பி விடுவதற்காகச் சொன்னதுதான். சமாதானம் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்தத் தெரு மட்டும் போதுமா, அடுத்த தெருவும் வேணுமா?"

மிஷின் நின்றது. "அடுத்த தெருவுல யாரு?"

"எங்க இயக்குநர்."

தையல்காரி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அதையும் சேத்துக்குங்க."

டிரைவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "சும்மா சும்மா நின்னு போனா மேலிடத்துல கேப்பாங்களே மேடம்."

"சும்மா இல்லண்ணே. கதவைத் தட்டி, என்னென்ன உதவி இருக்குன்னு சொல்லிட்டு வரப் போறோம். மக்கள் பாக்கணும்னு அவரேதானே எழுதியிருக்கார்."

முதல் வாசல் பழைய தலைமையாசிரியருடையது. ஓய்வு பெற்ற பிறகு தன் சொல்லுக்கு மணி அடிக்க ஆளில்லையே என்ற குறை மட்டும் அவர் முகத்தில் மிச்சமிருந்தது.

"என் வீட்ல என்ன பிரச்சினை?" என்றார்.

"அதைக் கேக்கத்தான் வந்தோம் சார்."

"இங்க ஒரு பிரச்சினையும் கிடையாது."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சார் சொல்வாங்க. அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. வண்டி நிக்கும்."

எதிர்ச் சாரியில் திரைச்சீலைகள் அசைந்தன. அவர் வேனை அனுப்பிவைத்த அவசரத்தைப் பார்த்தவர்கள், உள்ளே என்னவோ இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அதற்குள் வேன் அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டது. பாதித் தெரு தாண்டியதும் காற்று திசை மாறியது. வேன் நிற்காமல் தாண்டிய வீட்டுக்காரர் ஒருவர் பின்னாலேயே ஓடி வந்து, "எங்களை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்று மனத்தாங்கலோடு கேட்டார். மளிகைக் கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து, சுற்றிலும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"பையன் நாலாவது படிக்கிறான். எழுத்தெல்லாம் குதிக்குதுங்கறான். நானும் சாக்குன்னு நினைச்சு ரெண்டு போட்டுட்டேன். அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க. அடிக்காம அழைச்சுக்கிட்டு வாங்க."

சாயங்காலம் வேன் அடுத்த தெருவில் இயக்குநர் வீட்டு வாசலில் நின்றபோது, அவர் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வேனிலிருந்து அவரே கையை விரித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க எதுக்கு நிறுத்தறீங்க?"

"எல்லா வீட்டுக்கும் போறோம் சார். உங்களை மட்டும் விட்டா தப்பாப் பேசுவாங்க."

அவர் பதில் யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் மதிலோரம் வந்துவிட்டாள். "மனசைத் தளர விடாதீங்க சார். எல்லாம் சரியாப் போயிடும்."

"இது என் ஆபீஸ் வண்டிம்மா."

"வெளியில சொல்லிக்கறது கஷ்டம்தான்," என்று அந்த அம்மாள் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டாள்.

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வாசல்ல நின்னு பேசாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

இயக்குநர் குழாயை மூடினார். எழுத்துகளை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படித்தார். தன் வாசகத்தை அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து படிப்பது இதுதான் முதல் தடவை.

"திங்கட்கிழமை பெயிண்டரை வரச் சொல்லட்டுமா சார்? வெறும் வெள்ளை போதும்."

"ம்."

"உங்க படம்?"

அவர் ஒரு பூந்தொட்டியைச் சற்று நகர்த்தி வைத்தார். "அதையும் சேத்துதான்."

வெள்ளிக்கிழமை காலை தையல்காரி கடைக் கதவைப் பூட்டிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேனின் பின் இருக்கைக் கதவைத் திறந்துவிட்ட டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் அன்று யாருக்கும் பேச நேரமில்லை. அவரவர் வாசலுக்கு அவரவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பரிசோதனை அறை சின்னது. சிறுமியின் தலைக்குப் பெரிதாக ஒரு ஹெட்போன். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். நிபுணர் சத்தம் அனுப்பும்போது அவர் பக்கத்துப் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரியும். அது தையல்காரிக்குத் தெரியும்படி இருந்தது.

விளக்கு எரிந்தது. கட்டை அசையவில்லை. மறுபடி எரிந்தது. சிறுமி கட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொல்பேச்சு கேட்கிற பிள்ளையாக, ஆடாமல் அசையாமல் காத்திருந்தாள்.

"ஏய், சொன்னதைக் கவனி..." என்று ஆரம்பித்த தையல்காரி பாதியில் நிறுத்திக்கொண்டாள். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. நிபுணர் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, ரொம்ப நேரம் கழித்துத்தான் முதல் கட்டை டப்பாவில் விழுந்தது.

சமாதானம் மிச்சக் கட்டைகளைச் சிறுமியின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.

ஹெட்போனைக் கழற்றியதும் தையல்காரி மகளுக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நான் மிஷின்ல இருந்துக்கிட்டே கூப்பிடுவேனே, அது கேக்காதா?"

"இப்படி முன்னாடி வந்து பேசினா நல்லாக் கேக்கும்மா," என்றாள் சிறுமி, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு.

தையல்காரி எழுந்தாள். கண்ணைத் துடைத்தாளா, தலைமுடியைத் தள்ளிவிட்டாளா என்று சமாதானம் உற்றுப் பார்க்கவில்லை. குரல் தெளிவாகத்தான் வந்தது.

"சரி. இப்ப என்ன செய்யணும்?"

"ரெண்டு காதுக்கும் கருவி வைக்கலாம்மா. கச்சிதமா உக்காரணும், அதுக்கு முதல்ல காதுக்குள்ள அளவு எடுக்கணும்," என்றார் நிபுணர்.

தையல்காரி நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எடுங்க. வளர்ற பொண்ணு, பாத்து எடுங்க. ரொம்ப இறுக்கிப்புடாதீங்க."