வியாழக்கிழமை தெற்கே சூலம்

தொண்ணூறுகளின் கடைசியில், அண்டார்டிகாவுக்குப் போகும் குழுவில் என் பெயர் வந்தபோது எங்கள் பட்டாபிராம் ஊரே சிரித்தது. "ஐஸ் பாக்கவா அவ்ளோ தூரம் போறே லோகநாயகி, ஆவடியில ஐஸ் பேக்டரி கீதே" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா. நான் வானிலை படித்தவள். குழுவில் பெண் நான் ஒருத்திதான். குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டுத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதையெல்லாம் சமாளித்துவிடலாம், அம்மாவை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் என் கவலை.

பிடிவாதத்தில் அம்மா எனக்கே அம்மா. கோவாவிலிருந்து வியாழக்கிழமை கப்பல் என்றதும் தினசரி காலண்டர் முன்னால் போய் நின்றாள்.

"வியாழக்கெழம தெக்கே சூலம். அன்னிக்குத் தெக்கால போவக் கூடாது. மறுநாள் கெளம்பச் சொல்லு."

"கப்பல்மா அது. எனக்காக நிக்காது."

"அப்ப நீ போவாதே."

அன்றிலிருந்து சோறு போட்டாள், பேச்சில்லை. அப்பா டாங்கி தொழிற்சாலைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பித் தப்பித்துக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூமியின் தென்கோடிக்குப் போகிறவளை ஒரு காலண்டர் தாள் தடுப்பதா? ஆனால் அம்மாவை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பவும் மனம் வரவில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

பொன்னியம்மாதான் ஒருநாள் போட்டு உடைத்தாள். "இன்னாக்கா, சூலத்துக்குக் கீழயே பரிகாரம் தைலம்னு போட்டுக்கீதே. தலையில ரெண்டு சொட்டு எண்ண வெச்சிகினு போனா தீந்துது. எங்க ஊட்டுக்காரர் மதுரைக்குப் போவசொல்ல நீதானே சொன்னே?"

அம்மா தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெரிந்தேதான் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரையை எடுத்துக்கொண்டேன்.

"எண்ண வெச்சி அனுப்பும்மா."

"கப்பல் ஏறசொல்ல வெக்கணும்."

"நானே வெச்சிக்கிறேன்."

"நீ வெக்கமாட்டே. நான் வரேன்."

அரக்கோணம் தாண்டாத அம்மா, நல்லெண்ணெய் பாட்டிலும் புளிச்சோறுமாகக் கோவாவுக்கு ரயிலேறினாள். பேசாமல் விட்ட நாட்களுக்கும் சேர்த்து வழியெல்லாம் பேசினாள். துறைமுகத்தில் அத்தனை பேர் பார்க்க, என் தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்தாள். எங்கள் குழுத் தலைவர் வங்காளி. என்னவென்று விசாரித்துவிட்டு அவரும் தலையைக் குனிந்தார். அவருக்கும் இரண்டு சொட்டு.

கப்பலில் சங்கு ஊதியது. அம்மா என் கையை விடவில்லை.

"சூலம் கீலம் ஒண்ணியும் இல்லடி. எனக்குப் பயமா கீது, அவ்ளோதான்."

"எனக்கும்தாம்மா" என்றேன். இதுவரை யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

அம்மா முந்தானையால் என் நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்தாள். பிறகு கையை விட்டாள்.

"பயம் கீதா? அப்ப ஜாக்கிரதையா இருப்பே. போய்ட்டு வா."