அண்ணிக்கு வந்த அயல்நாட்டுக் கடிதம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அண்ணியின் வேலைநீக்கக் கடிதத்திலிருந்து சுட்டது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

பணிநீக்க இழப்பீட்டில் நாடுகளுக்கிடையே நிலவும் ஏற்றத்தாழ்வுகளைக் கருத்தில் கொண்டால்—

(நீங்கள் கொட்டாவி விட்டது கேட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

எடைபோடும் இயந்திரங்கள் செய்யும் நிறுவனம் அது. அண்ணிக்கு அங்கே வரைபடங்களில் பிழை பார்க்கும் வேலை. அண்ணன் இறந்துபோன பிறகு வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவள்தான். பிள்ளைகள் இரண்டு பேர்.

பழைய வகை இயந்திரத்தைத் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று ஒரே காலையில் இரண்டு நாட்டு அலுவலகங்களுக்கும் செய்தி போனது. கடல் தாண்டிய அலுவலகத்தில் அண்ணி செய்யும் அதே வேலையைச் செய்பவருக்கு அவள் வைத்த பெயர் ‘எட்டு மணி’. தினமும் எட்டு மணிக்குப் போனில் கூப்பிடுவார். அந்த நாட்டுச் சட்டப்படி, அவரை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேச வேண்டும், மூன்று மாத அவகாசம் தர வேண்டும், வேறு வேலை கற்கவும் உதவ வேண்டும்.

“நமக்கு என்ன அண்ணி?” என்று கேட்டேன்.

“ஒரு மாச நோட்டீஸ். அப்புறம் ஒரு கும்பிடு.”

சிரித்தாள்.

3

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. பணியாளர் பிரிவு அதிகாரி வேலை மிச்சம் என்று அந்த நாட்டுக் கடிதத்தை மொழிபெயர்த்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி, இங்கே வேலை போகும் பதினொரு பேருக்கும் அனுப்பிவிட்டார். பத்துப் பேர் தொகையைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்தார்கள். பிழை பார்த்தே பழகிய அண்ணி கடைசி வரி வரை படித்தாள். ‘சந்திப்புக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். உங்கள் வேலையைக் காப்பாற்ற மாற்று யோசனை இருந்தால் தெரிவிக்கலாம்.’

(துணைக்கு ஒரு வழக்கறிஞரை எழுதியிருந்தேன். மேசையைத் தட்டிப் பேசுவார். பொய். போனது நான்தான். “கதை எழுதுறவனுக்கு ஆபீஸா லீவா? கெளம்பு” என்று இழுத்துப் போனாள். அங்கே நான் தண்ணீர் குடித்ததோடு சரி.)

அண்ணி பன்னிரண்டு பக்கங்களை அதிகாரியின் மேசையில் வைத்தாள். பழைய இயந்திரங்கள் இன்னும் ஆயிரக்கணக்கான கடைகளில் ஓடுகின்றன. பழுதானால் பார்க்க ஆளில்லை. பதினொரு பேரையும் வைத்து ஒரு பழுதுநீக்கும் பிரிவு தொடங்கலாம். அவள் யோசனை அதுதான்.

அதிகாரி கடிதத்தைப் புரட்டினார். முகம் வெளுத்தது.

“அம்மா, இது அந்த நாட்டுக்கான கடிதம். தப்பா வந்துடுச்சு. இங்க அப்படியொரு சட்டமே இல்ல.”

“சரி சார். ஆனா கேள்வி நல்ல கேள்வி. பதில் எழுதிட்டேன். அதைப் படிக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கா?”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். ஏழாம் பக்கத்தில் பென்சிலை எடுத்தார்.

“மேல அனுப்பறேன்மா. ஒரு வாரத்துக்கு யாரோட நோட்டீஸும் அமலுக்கு வராது. அதுக்கு மேல என் கையில இல்ல.”

வெளியே வந்ததும் அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, எட்டு மணியைக் கூப்பிட்டாள். அவர் தங்கள் நாட்டுப் பழுதுக் கணக்கையும் அனுப்புவதாகச் சொன்னார்.

4

முடிவு ஒன்று: பதினொரு பேருக்கும் வேலை, மாலை, கைதட்டல். (திகட்டுகிறது.)

முடிவு இரண்டு: மேலிடம் மறுத்துவிட, அண்ணி ஜன்னலோரம் நின்று— (“என்னை அழ வெச்சு எழுதினே, இந்த வீட்டுப் படி ஏறிடாதே” என்கிறாள், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.)

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. இன்று நான்காம் நாள். மற்ற பத்துப் பேரும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எந்தக் கடையில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று பட்டியல் போடுகிறார்கள். எனக்கு இந்தக் கதையை எழுத இடம் போதவில்லை.

மேலே இருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். முடிவு உங்களுடையது. பன்னிரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள்.