இரண்டு தட்டு

தீர்த்தகிரிக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்ககிரியில் இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறவர். லாரியை நிறுத்தி வைக்கிற பிரேக்கைப் பிடித்திருப்பது காற்று என்று பலரும் நினைக்கிறார்கள், விஷயம் நேரெதிர். கனத்த ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் சக்கரத்தை இறுக்கவே பார்த்துக்கொண்டிருக்கிறது. டேங்கிலிருந்து வரும் காற்றுதான் அதை விலக்கி வைத்திருக்கிறது. காற்று இறங்கினால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும். வண்டி நின்றுவிடும்.

ஆகவே, சேலத்து மருத்துவக் கருவிக் கடையில் ஜோதி என்ற பெண், தூக்கத்தில் மூச்சு நிற்காமல் காக்கிற மிஷினைப் பற்றி விளக்க ஆரம்பித்தபோது அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"தூங்கறப்ப தொண்டைச் சதை தளர்ந்து வழிய அடைச்சுக்குதுங்ணா. மெல்லிசு ஸ்ட்ராவுல வேகமா உறிஞ்சுனா ரெண்டு பக்கமும் ஒட்டிக்குமில்ல, அதாட்டம். மூச்சு நின்னுரும். மூளை பதறி எழுப்பி உடும். உங்களுக்கே தெரியாது."

"இது காத்தடிச்சு ஒட்டாம வெச்சுக்குது. அப்ப கம்ப்ரசர்தானுங்க அம்மிணி. எத்தனை பிரஷரு?"

"பத்து சென்டிமீட்டர் தண்ணி. டம்ளர்ல ஒரு விரல் நீளத்துக்கு ஸ்ட்ராவ முக்கி ஊதுனா குமிழி வருமில்ல, அந்த பலம்."

"அவ்வளவுதானா? நாங்க டயருக்கு நூத்திப்பத்து அடிப்போம்."

"தொண்டையும் டயரும் ஒண்ணாங்ணா?" என்றாள் ஜோதி.

அவர் சிரித்தார். ஆனால் அவள் கையிலிருந்த பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்றிருக்கிறது. அதிலே நீளமானது ஐம்பத்தெட்டு விநாடி. தீர்த்தகிரி எதையும் கிலோமீட்டரில்தான் எண்ணிப் பார்ப்பார். அறுபதில் போகிற வண்டி ஐம்பத்தெட்டு விநாடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போய்விடும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே அவர் மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார்.

சோதனைக்குப் போனதே அவர் விருப்பத்தில் இல்லை. டோல்கேட்டில் வரிசையில் நின்றபடியே ஸ்டியரிங்மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தும் எழவில்லை. முதலாளி ஜெயபிரகாஷ் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"முப்பது நாளு. நாளுக்கு நாலு மணி நேரம் மாட்டித் தூங்குனீங்கன்னு மிஷினுக்குள்ள இருக்கற கார்டு சொல்லோணும். ஒரு நாள் விட்டுப்போனாலும் மறுக்கா ஒண்ணுல இருந்து. மாதேசுக்கு ஆனது உங்களுக்கும் ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க."

மாதேஷ் பெயரை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மிஷின் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். நாற்பது நிமிடத்துக்கு மேல் தீர்த்தகிரியால் மாட்டியிருக்க முடியவில்லை. மனைவி கலைமணி மாஸ்க்கின் பட்டையைத் தளர்த்திப் பார்த்தாள், மூக்கின் மேல் துணி வைத்துப் பார்த்தாள்.

"யானைத் தும்பிக்கையாட்டம் நல்லாத்தானுங்க இருக்குது. எங்க உறுத்துது, சொல்லுங்க."

"உறுத்தல புள்ள."

உறுத்தியது மௌனம். மாட்டினால் குறட்டை வராது. கண்ணை மூடுகிற நேரத்தில் தன் குறட்டை எழாத அந்த அமைதி அவர் காதில் விழும். உடனே மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வார். எட்டாம் நாள் காரணத்தை அவளிடம் சொன்னார்.

மாதேஷும் அவரும் ஜோடி டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்சீட்டில் படுத்திருப்பார். டீக்கு நிறுத்துகிற இடத்தில் ஓட்டியவர் இறங்கி, இரும்பு ராடால் எல்லா டயரையும் தட்டுவார். காற்று இருக்கிற டயர் 'டங்'கென்று ராடைத் திருப்பி எறியும். இறங்கிய டயர் 'தொப்'பென்று வாங்கிக்கொள்ளும். கடைசியில் அதே ராடால் கேபினின் முதுகில் இரண்டு தட்டு. இருக்கியா என்று அர்த்தம். படுத்திருப்பவர் உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டுவார். இருக்கேன். யார் ஆரம்பித்த பழக்கமென்று இருவருக்குமே நினைவில்லை.

மாதேஷின் குறட்டை இன்ஜினையே அமுக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டப்பகலில், கர்னூல் தாண்டியதும், அது நின்றது. அப்பாடா, இப்போதுதான் நல்லாத் தூங்குகிறான் என்று தீர்த்தகிரி பாட்டைக்கூடக் குறைத்து வைத்தார். வழியில் டீக்கடையில் டயர்களைத் தட்டினார். கேபினைத் தட்டவில்லை. பாவம், தூங்கட்டும். அனந்தப்பூர் வந்துதான் எழுப்பப் போனார், உடம்பு சில்லிட்டிருந்தது. நூற்று நாற்பது கிலோமீட்டர்.

"தட்டியிருந்தாலும் அவரு எந்திரிச்சிருக்க மாட்டாருங்க," என்றாள் கலைமணி.

"தெரிஞ்சிருக்குமில்ல."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டியுடன் வந்தாள்.

"படுங்க. நீங்க கண்ணை மூடுனதும் நான் கட்டல்காலுல ரெண்டு தட்டுவேன். நீங்க ஒண்ணு தட்டோணும். தட்டலீன்னா கரண்டி மண்டைக்கு வரும்."

அது வேலை செய்தது. அவர் உடம்பு டிரைவர் உடம்பு, மதியத்தில்தான் அதற்குத் தூக்கம். உண்டு முடித்ததும் இரும்புக் கட்டிலில் படுப்பார். இரண்டு தட்டு விழும். விரல் மோதிரத்தால் சட்டத்தில் ஒன்று தட்டுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு அரைமணிக்கு ஒருமுறை. சில நாளில் பதில் தட்டு அவருக்குத் தெரியாமலேயே விரலிலிருந்து வந்தது. கார்டில் ஒன்று முதல் எண்ணத் தொடங்கி இருபத்துநாலு நாள் சேர்ந்தது. விழிக்கும்போது தலை கனக்கவில்லை. முப்பதுக்கு இன்னும் ஆறே நாள்.

இருபத்தைந்தாம் நாள் மதியம், அவர் அசந்துவிட்டார் என்று பார்த்துவிட்டு, கலைமணி ராகி அரைக்க மில்லுக்குப் போனாள்.

இரண்டு தட்டு.

தலைமாட்டுப் பக்கமிருந்து, இரும்பில். தீர்த்தகிரி பதில் தட்டப் போனார், கை எழவில்லை. நெஞ்சின் மேல் ஒரு லோடு ஏறியிருந்தது. மறுபடியும் இரண்டு தட்டு, இந்த முறை பலமாக. அவர் திமிறி எழுந்து, மாஸ்க்கைப் பிடுங்கி, வாயால் காற்றை இழுத்தார்.

ஃபேன் சுற்றவில்லை. மிஷினின் விளக்கு அணைந்திருந்தது. கரண்ட் இல்லை.

கரண்ட் போனால் மாஸ்க் மூச்சை அடைத்துவிடாது, வெளிக்காற்று வர அதில் சின்னத் துளைகள் உண்டு என்று ஜோதி சொல்லியிருந்தாள். ஆனால் தொண்டையை விலக்கி வைக்கக் காற்று இல்லை. ஸ்பிரிங் ஜெயித்திருக்கிறது.

"கலைமணி," என்று கூப்பிட்டார். கரண்டி ஜன்னல் திட்டில் இருந்தது.

கால்மணி கழித்துக் கையில் தூக்குடன் அவள் வந்தாள். "பாதி அரைச்சிட்டிருக்கறப்பவே மில்லு நின்னு போச்சுங்க. இத்தனை நேரம் அங்கயே நின்னேன். எப்ப எந்திரிச்சீங்க?"

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினிலிருந்து தலைமாட்டுச் சட்டத்தின் மேலாக மாஸ்க்குக்கு வரும் குழாய். காற்று ஓடும்போது அது லேசாக விறைத்து நிற்கும், நின்றதும் தொய்யும். தொய்ந்தால் அதன் கெட்டியான முனை சட்டத்தில் படும். படத்தான் செய்யும். விஷயம் அவ்வளவுதான்.

கரண்ட் வந்ததும் பரீட்சித்துப் பார்த்தார். மாஸ்க்கை மாட்டி, மிஷினை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார். குழாய் தொய்ந்தது. முனை சட்டத்தில் பட்டது.

ஒரு தட்டு.

மறுபடி செய்தார். ஒரு தட்டு. குழாயை இழுத்து, தளர்த்தி, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வைத்து ஆறு முறை செய்தார். ஆறு முறையும் ஒரே தட்டுதான்.

"என்னங்க பண்றீங்க, புது மிஷினப் போட்டு?"

"ஒண்ணுமில்ல புள்ள. இன்னைக்கு கார்டுல ஒண்ணரை மணி நேரந்தான் ஏறியிருக்கும். நான் படுக்கறேன்."

"கரண்டி எடுக்கட்டுங்களா?"

"வேண்டாம். நீ போய் வேலையப் பாரு."

அவள் போன பிறகு மாஸ்க்கை மாட்டினார். காற்று மெல்ல ஏறி மூக்குக்குள் வழி விட்டது. குறட்டை இல்லாத அந்த அமைதி வந்தது. அந்த அமைதிக்குள், எங்கோ வெகு தொலைவில், வெயிலில் ஒரு வண்டி ஓடுவது போலிருந்தது. இந்த முறை பின்சீட்டில் படுத்திருப்பது அவர்தான். மாதேஷ் தட்டிக் கேட்டதற்கு இன்னும் பதில் போகவில்லை.

தீர்த்தகிரி கையை எடுத்து, மோதிரத்தால் சட்டத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.