மூன்றாம் எண் விளக்கு

மூன்றாம் எண் விளக்கு மறுபடியும் அணைந்திருந்தது.

மியங்சுக் சோபாவிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தாள். டிவிக்குப் பக்கத்திலிருந்த சிறிய சாம்பல் நிறப் பெட்டியில் இரண்டாம் எண் மட்டும் பச்சையாக எரிந்தது. இரவு எட்டரைக்கு, நாடகம் தொடங்கும்போது, மூன்றாம் எண்ணையும் சேர்த்துத்தான் அழுத்தியிருந்தாள். மறுபடி அழுத்தினாள். எரிந்தது. விளம்பரம் முடிவதற்குள் அணைந்துவிட்டது. நான்கு நாளாக இதே கூத்து.

எத்தனை பேர் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனத்தின் பெட்டி அது. தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் உள்ள இத்தனை அடுக்குமாடி வீடுகளில் இந்த வீட்டையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேலை எளிது. வீட்டில் ஆளுக்கு ஓர் எண். டிவி முன்னால் உட்கார்ந்தால் ரிமோட்டில் தன் எண்ணை அழுத்த வேண்டும். எழுந்து போனால் இன்னொரு முறை அழுத்தி அணைக்க வேண்டும். யார் எதை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதைப் பெட்டி தானே அனுப்பிவிடும். இங்கே எரியும் ஒரு விளக்கு அங்கே கணக்கில் ஆயிரக்கணக்கான ஆட்களாக நிற்கும்.

ஒன்று, அவள் கணவன் கிஹோ. மாலையில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். இரண்டு, அவள். மூன்று, மாமனார் தால்சூ.

மாமனார் நாடகம் பார்ப்பதில்லை. காது மந்தம். "யாரு இந்தப் பொண்ணு? ஏன் அழுவுது?" என்று காட்சிக்குக் காட்சி கேட்பார். "நாடகம் முடியற வரைக்கும் உள்ளயே இருங்க மாமா" என்று இலையுதிர்காலத்தில் ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டும் உள்ளே போனது. பிறகு அவர் வெளியே வருவதே நின்றுபோனது.

ஆனால் அவருடைய எண் அவளுக்குத் தேவைப்பட்டது. வசந்தகாலத்தில் நிகழ்ச்சி நேரங்களை மாற்றும்போது அவளுடைய நாடகத்தைக் காலை எட்டு மணிக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பாட்டுப்போட்டி போடப் போவதாகப் பேச்சு. கணக்கில் ஆள் கூடினால் நாடகம் தப்பலாம்.

"எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஜிகினா கோட்டு போட்டு அழுதுக்கிட்டே பாடறானுங்க" என்று தோழியிடம் போனில் பொருமினாள். "எட்டரை மணிதான்டி பொம்பளைங்க பாத்திரம் கழுவிட்டு உக்கார்ற நேரம். காலையில எட்டு மணிக்கு நான் ஸ்கூல் சமையலறையில முள்ளங்கி வெட்டிட்டு இருப்பேன். அந்த சேனல்காரனுக்கு வீட்டுல யாரும் சமைக்கறதில்லையா?"

கணவன் எண்ணை அழுத்தினால் பொய். மாமாவோ வீட்டுக்குள்தானே இருக்கிறார், அது பாதிப் பொய்தான் என்று சமாதானம் செய்துகொண்டாள். இப்போது அந்தப் பாதியும் நிற்க மறுத்தது.

அவள் புகார் சொன்னதால், மறுநாள் மாலை நிறுவனத்து ஊழியர் குவக் வந்தார். ரிமோட்டைப் பிரித்துப் பார்த்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"பெட்டில ஒரு கோளாறும் இல்லக்கா. யாராவது அழுத்தினாத்தான் அணையும்."

"யாரு தம்பி அழுத்துவா? இங்க நான் ஒருத்திதானே உக்காந்திருக்கேன்."

"அப்போ மூணாம் நம்பர் யாருக்கா?"

மியங்சுக் சோபா மெத்தையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

குவக் அதைக் கவனிக்காதவர்போலப் பேசினார். "ரிமோட்லேருந்து வர்றது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். செவுத்தைத் தாண்டாது. ஆனா எதிர்ல ஒரு கை அகலம் வழி இருந்தாப் போதும், நேரா வந்துரும்." குனிந்து, பெட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கோடு பிடித்தார். எதிரே மாமனாரின் அறை. தள்ளுகதவு சரியாக ஒரு கை அகலம் திறந்திருந்தது. "உங்களுக்கு ரெண்டு ரிமோட் குடுத்தோமே. இன்னொண்ணு எங்க?"

குளிர்காலத்தில் மாமனாரின் பழைய டிவி பழுதாகி, அதை எடுத்துப் போனார்கள். புதிது வாங்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. அதோடு வைத்திருந்த நிறுவனத்தின் இரண்டாவது ரிமோட் மட்டும் அந்த அறையிலேயே கிடந்தது.

அவள் கதவைத் தள்ளினாள். தால்சூ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரிமோட். பக்கத்தில் கடற்பாசிச் சூப்பு ஆறிக் கிடந்தது.

"நீங்களா மாமா?" என்றாள் உரக்க.

"ஆமாம்மா. நான் அங்க இல்லியே. இல்லாதவனை இருக்கான்னு ஏன் எழுதணும்?" ரிமோட்டை நீட்டினார். "அந்த மூணாம் நம்பர்காரன் தினம் உன் பக்கத்துல உக்காந்து நாடகம் பாக்கறான். எனக்கு அவன்மேல பொறாமையா இருந்துச்சு."

குவக் தன் காலணிகளைத் தேடுவதுபோல வாசல்பக்கம் நகர்ந்தார்.

"தம்பி, மூணாம் நம்பர் கணக்கு எல்லாத்தையும் அழிச்சிருங்க" என்றாள் மியங்சுக். "நாடகம் போனாப் போகட்டும்."

அடுத்த நாள் அவள் மூன்று காரியம் செய்தாள். கைப்பிடி வைத்த நாற்காலியைச் சோபாவுக்கு வலப்பக்கம், மாமனாரின் கொஞ்சமாவது கேட்கும் காது தன் பக்கம் வரும்படி போட்டாள். டிவியில் வசனம் எழுத்தாக ஓடும்படி வைத்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மேசையில் சாப்பாடு வைத்தாள். எட்டரைக்குத் தால்சூ தானே மூன்றை அழுத்தினார். "யாரு இந்தப் பொண்ணு?" என்றார். அவள் சொன்னாள். ஒன்பது தடவை கேட்டார். ஒன்பது தடவையும் சொன்னாள்.

வசந்தத்தில் நாடகம் காலைக்குப் போகத்தான் போனது. இப்போது அதைப் பார்ப்பவர் தால்சூ. மாலையில் அவர் கதை சொல்ல, "யாரு மாமா அந்தப் பொண்ணு?" என்று மியங்சுக் கேட்கிறாள்.

வயதானவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்பதால் மட்டும் நம்மோடு இருக்கிறார் என்று ஆகிவிடாது. உட்கார ஓர் இடம், கேட்டால் ஒரு பதில், ஒரே மேசையில் சாப்பாடு. இவ்வளவும் கொடுத்த பிறகுதான் அவரை எண்ண வேண்டும். அப்படிக் கொடுத்த நாளிலிருந்து மூன்றாம் எண் விளக்கு, தினமும் இரவு அவர் தூங்கப் போகும்வரை, அணையவே இல்லை.